தம்பிக்குச் சேர்ந்த நடை

கரட்டூரில் தபால் எந்தத் திக்கில் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தங்கமாயனின் உள்ளங்காலைப் பார்த்தால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. நாலு மாதத்துக்கு மேல் அது நீடிக்கவில்லை. ஆனால் இருந்தவரைக்கும் ஊரில் ஒருவரும் அதற்கு வாயைப் பிளக்கவில்லை. மழை வருமா என்று மேற்கே மலையைப் பார்ப்பதைப் போல, பத்து மணிக்கு மேல் அவன் கட்டில் கிடந்த முன்னறைக்கு ஆட்கள் வந்தார்கள், "மாயா, காலைக் காட்டப்பா" என்றார்கள், அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே காலை நீட்டினான், அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஓடை தாண்டுது, இன்னும் நேரமிருக்கு" என்று சொல்லிக்கொண்டு தங்கள் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

அந்தத் தபாலைச் சுமந்து நடந்தவள் அவனுடைய அக்காள் வேலுத்தாய். நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருஷமாகக் கரட்டூர் தபாலாபீசில் கடிதம் கொடுக்கிறவள். சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்றவர்களிடம், "ஆத்தா ரெண்டு காலு சும்மாவா குடுத்து விட்டா?" என்று கேட்டவள். காலையில் பை வந்ததும் பிரித்து அடுக்கி, வாழைத்தோட்டத்துக் கரிசலில் இறங்கி, திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் குனிந்து போய், ஓடை மணலைத் தாண்டி, சங்கிலிக்கரட்டில் மூச்சு வாங்க ஏறி, மேலே இருந்த முப்பது வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, செங்கல் சூளைப் பக்கமாக இறங்கி வருவாள். கல்யாணம் ஆகவில்லை, அதற்கொரு கதை உண்டு, அது இங்கே வேண்டாம். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்கென்று இருந்தவை அந்தப் பாதையும் இந்தத் தம்பியும்தான்.

தம்பி தங்கமாயன் ஒரு காலத்தில் ஜீப் ஓட்டினான். விடிகிற நேரத்தில் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, ஏலக்காட்டில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பான். ஊரடங்கு வந்து பாதையை அடைத்தபோது ஜீப்பின் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். சும்மா இருக்கிற நேரத்துக்கு என்று போனில் ஓர் ஆட்டத்தை இறக்கினான். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி பொறுக்க வேண்டும், எதிரில் வருகிறவனைச் சுட வேண்டும், கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஊரடங்கு முடிந்தது, பாதை திறந்தது, வேறு ஜீப்புகள் மலையேறின, அவன் தீவை விட்டு வரவில்லை. பெண்டாட்டி ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தாள், ஒரு வருஷம் அழுது பார்த்தாள், பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். தீவில் அவனுக்குக் கேப்டன் என்று பேர். கூட ஆடுகிற ஒருவன் அடிபட்டு விழுந்தால் எவ்வளவு குண்டு பாய்ந்தாலும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவான் என்று அவன் முகம் பார்த்திராத ஆட்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ புகழ்வார்கள். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் குடிக்க மாட்டான்.

நாலாவது வருஷத்தில் அவனுடைய கால்கள் வாழைத்தண்டு மாதிரி வீங்கின. வேலுத்தாய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். அமுங்கின குழி அப்படியே நின்றது.

"ரத்தம் கால்லயே தேங்குதும்மா. நடக்க வைங்க. இப்படியே கிடந்தார்னா இந்தக் கால் நிக்காது, உசுருக்கும் உத்தரவாதம் இல்ல" என்றார் டாக்டர்.

விளையாட்டை விட முடியாத பெரியவர்களுக்கென்று ஒரு திட்டம் இருப்பதாகவும், ஆஸ்பத்திரிக்கு வரவே வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே போன் வழியாகப் பயிற்சி தருவார்கள் என்றும் அவரே எழுதிக்கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து எஸ்தர் மிஸ் என்ற பெண் வாரத்துக்கு ஒருநாள் முகம் பார்த்துப் பேசுவாள். மற்ற நாட்களில் கணுக்காலில் கட்டுகிற சாம்பல்நிற ரப்பர்ப் பட்டை ஒன்று, எத்தனை அடி நடந்தான் என்று எண்ணி அங்கே அனுப்பிவிடும். பட்டை தபாலில்தான் வந்தது. வேலுத்தாயே கொண்டுவந்து தம்பியின் காலில் கட்டினாள்.

பத்து நாள் அது ஒன்றுமே அனுப்பவில்லை, அனுப்ப ஒன்றும் இல்லை. "சார், எந்திரிங்க சார், பத்தே பத்து அடி போதுமுங்க, சன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க" என்று எஸ்தர் மிஸ் போனுக்குள்ளிருந்து கெஞ்சினாள். தங்கமாயன் "நாளைக்கு மிஸ்" என்றான். பன்னிரண்டாம் நாள் அவள் வேலுத்தாயைத் தனியே கூப்பிட்டு, இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பேரை எடுத்துவிடச் சொல்லுவார்கள், தனக்கு அதில் அதிகாரமில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள்.

அன்று ராத்திரி வேலுத்தாய் தூங்கினாளோ இல்லையோ, காலையில் முகம் தெளிந்திருந்தது. ஒன்பது வயதில் தனக்கு அம்மை வார்த்து நினைவு தப்பிக் கிடந்தபோது ஆத்தாள் மாரியம்மன் கோயிலை ஈரச்சேலையோடு உருண்டு சுற்றியதும், மூன்றாம் சுற்றில் தனக்குக் கண் திறந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்திருந்தது. உருண்டது ஒருத்தி, பிழைத்தது ஒருத்தி. அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம். நோய் கண்டவருக்கு உடம்பு வணங்காவிட்டால் வேண்டப்பட்டவர் தீச்சட்டி எடுப்பார், அலகு குத்துவார், முடி இறக்குவார். பலன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். தினமும்தான் நடக்கிறோம், அந்த நடை சும்மாதானே போகிறது என்று அவள் நினைத்தாள். தூங்குகிற தம்பியின் காலிலிருந்து பட்டையைக் கழற்றித் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, "தாயே, இந்த நடை எந்தம்பிக்குச் சேரட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது தங்கமாயன் கட்டிலில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றி வேர்வை புருவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, தண்ணி குடு, நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றான். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் குனிந்தவள் அவன் உள்ளங்காலைப் பார்த்தாள். குதிகாலில் கரிசல் அப்பியிருந்தது, அதன்மேல் திராட்சைக்கு அடிக்கிற துத்த மருந்தின் நீலம், விரல் இடுக்கில் ஓடை மணல், எல்லாவற்றுக்கும் மேலே சூளைச் செம்பொடி. தன் காலைப் பார்த்தாள். அப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது. மனசு குளிர்ந்துபோய் அவள் அடுப்படிக்குள் போனாள். எப்படி என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மை எப்படி இறங்கியது என்று ஆத்தாளும் கேட்டதில்லை.

ஒரு மாதத்தில் அவனுடைய வீக்கம் வற்றியது, கெண்டைக்கால் இறுகியது, பசி எடுத்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், குழி விழவில்லை. எஸ்தர் மிஸ் போனில் அவன் வேர்த்துக் கிடப்பதைப் பார்த்து, "சூப்பருங்க சார்" என்று கை தட்டினாள். அவளை ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. வேர்வை நிஜம், காலும் நிஜம். நாள் தவறாமல் விரிப்பு சேறாகிக்கொண்டிருந்தது, வேலுத்தாய் நாள் தவறாமல் துவைத்துக் காயப்போட்டாள்.

ஊருக்குத் தெரிந்தது டீக்கடைச் சுருளி மூலமாகத்தான். பக்கத்துவீட்டில் பால் வாங்க வந்தவன் சன்னல் வழியாக அந்தக் காலைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே கடையில் விவாதம் வந்தது. காசு போட்டு டாக்டர்கள் நடத்துகிற திட்டத்தில் ஆள்மாறாட்டம் செய்யலாமா என்று ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் கேட்டார். பூசாரி வீரணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்கு நோவுன்னா ஆத்தாக்காரி தீச்சட்டி எடுக்குறா. சட்டி ஏந்துறது யாரு, காய்ச்சல் யாருக்குன்னு மாரியாத்தா விசாரணையா வைக்கிறா? சாமி ஏத்துக்கிறதை ஒரு ரப்பரு ஏத்துக்கிடாதா?" என்றார்.

அதோடு காரியம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் தபால் எங்கே வருகிறதென்று பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நீலம் ஏறியிருந்தால் பந்தலுக்குள் இருக்கிறாள், மணல் இருந்தால் ஓடை, சரளைக்கல் பதிந்திருந்தால் கரடு. பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த ஒருவன் அரை நாள் அந்தக் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

கரட்டூரில் போனும் கையுமாகக் கட்டிலை விட்டு இறங்காதவன் தங்கமாயன் ஒருவன்தானா என்ன. கொத்தனார் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர், டியூஷன் வாத்தியார் ஒருவர் என்று பதினோரு வீட்டில் பதினோரு ஆண்கள் இருந்தார்கள், எல்லாரும் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள். எல்லாருடைய பேரும் எஸ்தர் மிஸ்ஸிடம் கொடுக்கப்பட்டது. பதினோரு பட்டைகள் தபாலில் வந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் பெண்கள் தலைக்குக் குளித்துக் கோயிலுக்கு வந்தார்கள், வீரணன் பட்டைக்கு மஞ்சள் தடவி எடுத்துக்கொடுத்தார், அவரவர் கணுக்காலில் கட்டிக்கொண்டு, "இந்த நடை இன்னாருக்குச் சேரட்டும்" என்று பேர் சொல்லி, ஊரணியைச் சுற்றி நடந்தார்கள். புருஷனுக்காகப் பெண்டாட்டி நடந்தாள், மகனுக்காக ஆத்தாள் நடந்தாள், மாமனுக்காக மருமகள் நடந்தாள். எவளுக்காகவும் எவனும் நடந்ததாக ஊரில் பேச்சில்லை. கட்டில்களில் பதினோரு ஜோடிக் கால்கள் வேர்த்தன. "உங்க ஊரையே உதாரணமா எல்லாருக்கும் காட்டறோமுங்க, ஒரு ஆளு கூட விட்டுட்டுப் போகலை" என்று எஸ்தர் மிஸ் பெருமைப்பட்டாள்.

மூன்றாம் மாதம் வேலுத்தாயின் குதிகால் வெடிப்பு மறைந்தது. இருபது வருஷ வெடிப்பு, பத்துப்பைசா நிற்கும் அதில். "என்ன மதினி, காலுக்கு என்ன பூசுற?" என்று திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள். அப்புறம் சித்திரை வெயிலில் தார்ரோடு சுடவில்லை. அப்புறம் ஒருநாள் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது தெரியாமல் கரட்டு உச்சிவரைக்கும் போய்விட்டாள். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துப் பார்த்து அடி வைக்க வேண்டியிருந்தது. தம்பிக்குச் சேருகிறது என்று நினைத்தபோது அதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் மாதக் கடைசியில், சங்கிலிக்கரட்டின் ஏற்றத்தில், மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று பாதையோரம் உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தால் கால் வரவில்லை. வலி இல்லை, மரப்பு இல்லை, எழுந்திருப்பது எப்படி என்பது அந்தக் கால்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் தரையில் இறக்கிவிடாத பச்சைப்பிள்ளையின் கால்மாதிரி ரோஸ் நிறத்தில், ஒரு ரேகை கலையாமல் இருந்தது. பையில் ஒன்பது கடிதம் மிச்சமிருந்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள். மேல்வீட்டு ஆட்கள் மூங்கிலில் சேலையைக் கட்டி டோலியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அவர்கள் டோலியை வாசலில் இறக்கியபோது தங்கமாயன் ஆட்டத்தின் நடுவில் இருந்தான். தீவில் எவனோ ஒருவன் அடிபட்டுக் கிடந்தான், அவனைத் தூக்க வேண்டும். "என்னக்கா ஆச்சு? ரெண்டு நிமிசம், இந்தா வந்துட்டேன்" என்றான். வேலுத்தாய் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த அவன் கால்களைப் பார்த்தாள், கரடு ஏறி ஏறி முறுக்கேறிய தபால்காரியின் கெண்டைக்கால்கள். தூக்கி வளர்த்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னை அடுப்படியில் கொண்டுபோய் விடச் சொன்னாள்.

செய்தி பரவிய சாயங்காலமே மற்ற வீட்டுப் பெண்கள் அவரவர் பட்டையைக் கழற்றினார்கள். அவர்கள் வாரம் ஒருநாள் நடந்தவர்கள், குதிகால் கொஞ்சம் மெத்தென்று ஆனதோடு தப்பித்தார்கள். ஆண்களில் நாலு பேர் வேறு வழியில்லாமல் எழுந்து நடந்தார்கள், மற்றவர்கள் மறுபடி வீங்கத் தொடங்கினார்கள். அடுத்த செவ்வாயன்று அத்தனை பெண்களும் சேர்ந்து வேலுத்தாயின் பேரைச் சொல்லி ஊரணியைச் சுற்றினார்கள். ஒன்பது சுற்று, பதினெட்டுச் சுற்று, வெயில் ஏறி ஒருத்திக்கு மயக்கமே வந்தது. வேலுத்தாயின் காலில் ஒரு தூசு ஒட்டவில்லை. வீரணன் வந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, உன் காலு வெறுங்காலாப் போச்சு. அடுத்தவ நடை இதுல ஒட்ட மாட்டேங்குது. உன் நடைதான் உனக்கு வரும். அது இருக்குற எடம் ஊருக்கே தெரியும்."

ஊர் அவனைத் திட்டியது. சுருளி கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினான். தங்கமாயன் தலையைத் தூக்கி, "நானா கட்டச் சொன்னேன்? அக்கா, நான் உங்கிட்ட கேட்டனா?" என்றான். அடுப்படியிலிருந்து வேலுத்தாய் சொன்னாள்: "அவன் கேக்கலதான். விடு சுருளி." இடுப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அவள் அடுப்புக்கும் அம்மிக்கும் நகர்ந்துகொண்டிருந்தாள். உலை வைத்தாள், அவனுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். இனி இப்படித்தானா என்று அவள் யோசிக்காமலில்லை. பக்கத்துவீட்டுப் பெண் வந்து தூக்கிக்கொண்டு போகாவிட்டால் கொல்லைப்புறம்கூடப் போக முடியாது என்கிற நிலையில் ஒரு பொம்பளை எத்தனை வருஷம் இருக்க முடியும் என்று யோசித்தாள்.

தபாலாபீசில் கடிதங்கள் குவிந்தன. இருபதாம் நாள் போஸ்ட்மாஸ்டர் அழகர்சாமியே ஒரு நீளமான உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தங்கமாயன் பேருக்கு வந்திருந்தது. அவன் கையை நீட்டாததால் அவரே பிரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். நூற்றிருபது நாள் ஒருநாளும் தவறாமல் நடந்து பயிற்சியை நிறைவு செய்த திரு தங்கமாயனின் விடாமுயற்சியைப் பாராட்டி வழங்கப்படும் சான்றிதழ். அடுப்படியில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், எந்த இடத்தில் அது அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை. அழகர்சாமி உறையைச் சன்னலில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்.

தங்கமாயனிடம் ஒரு மாற்றம் வந்திருந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. அவள் முடங்கிய நாளிலிருந்து காலை பத்து மணியானால் அவன் கால்கள் விரிப்பைப் பிராண்டத் தொடங்கின. குதிகாலைக் கட்டில் சட்டத்தில் தேய்த்தான், விரல்களை விரித்து விரித்து மூடினான். ஓடை தாண்டுகிற நேரத்துக்கு உள்ளங்கால் குளிர்ச்சிக்குத் தவித்தது, கரடு ஏறுகிற நேரத்துக்குக் கெண்டைச்சதை தானாக இறுகி, ஏற ஒன்றுமில்லாமல் துடித்தது. தீவில் குதித்த இடத்திலேயே அவனைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டனுக்கு என்ன ஆச்சு என்று முகம் தெரியாத ஆட்கள் கேட்டார்கள்.

"அக்கா" என்று முன்னறையிலிருந்து கூப்பிட்டான்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன?" என்றாள்.

"கரட்டு ஏத்தத்துல, மூணாவது வளைவு தாண்டி ஒரு கல்லு சரிஞ்சு கெடக்குமே. எடது பக்கமா, வலது பக்கமா?"

"எடது பக்கம்."

"ஆமா, எடது பக்கம்தான்." கட்டில் சட்டத்தில் குதிகால் உரசியது. "அந்தக் கல்லு மேல தெனமும் ரெண்டு காலையும் சேத்து வச்சு நிப்ப. அசையாம நிப்ப. பூரா வழியிலயும் அங்க மட்டுந்தான் நிப்ப. எதுக்குக்கா?"

வேலுத்தாய் அரிசியைப் பானையில் கொட்டினாள். பிறகு, "அங்கேருந்து பாத்தா நம்ம வீட்டு வாசல் தெரியும்டா. நீ எந்திரிச்சு வந்து நிக்கிறியான்னு பாப்பேன்" என்றாள்.

அவள் அரிசியைக் களையத் தொடங்கியிருந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. கதவு நிலையில் அவன் நின்றான், ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு தன் உயரத்தில் நின்று அவளைப் பார்த்தான். முகம் கோணிப்போயிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கே எஸ்தர் மிஸ்ஸைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னான். அவள், "இதையெல்லாம் எனக்குப் படிப்பில சொல்லித் தரலீங்க சார்" என்றாள். பிறகு வேலுத்தாயின் வயதையும் எடையையும் கேட்டுக்கொண்டு, பட்டையைத் தங்கமாயன் பேரிலிருந்து எடுத்து வேலுத்தாய் பேரில் பதிந்துகொடுத்தாள். மறுநாள் காலை அவன் குளித்து, பட்டையைத் தன் கணுக்காலில் கட்டி, அக்காள் முன்னால் வந்து நின்றான். "இந்த நடை எங்கக்காவுக்குச் சேரட்டும்" என்றான். அழகர்சாமி அவனை வேலுத்தாய்க்குப் பதிலாள் என்று எழுதிக்கொண்டு பையைக் கொடுத்தார்.

அவன் அந்தப் பாதையில் ஒருநாளும் போனவனில்லை, ஆனால் வழி கேட்கவில்லை. எந்தப் பந்தலில் எவ்வளவு குனிய வேண்டும், ஓடையில் எந்த இடத்தில் மணல் உள்வாங்கும், எந்த வீட்டு நாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றெல்லாம் கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டத்தை அடியோடு விட்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய். சாயங்காலம் போனை எடுப்பான், தீவில் இறங்குவான், பாதியில் அசதியில் தூங்கிவிடுவான்.

முதல் நாலு நாள் வேலுத்தாயின் காலில் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் பதினொரு மணிவாக்கில் பாதம் சில்லென்றது. போர்வையை விலக்கிப் பார்த்தாள், விரலிடுக்கில் நாலு மணல்துகள். அவள் அதைத் தட்டிவிடவில்லை. அப்புறம் நாளுக்கு நாள் கரிசல் வந்தது, நீலம் வந்தது, சரளை குத்தியது, வெயில் சுட்டது. பக்கத்துவீட்டுக்காரி காலைக் கழுவிவிட வந்தால் வேண்டாம் என்பாள். ஒரு மாதத்தில் முட்டி மடக்க வந்தது. ஒன்றரை மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தெருவே வந்து பார்த்தது. குழந்தை நிற்பதைப் பார்க்கிற மாதிரிக் கைகொட்டியது.

அவள் சுவரை விட்டு மூன்றடி நடந்த அன்றைக்குத் தங்கமாயன் திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது. வந்தவன் வாசற்படியில் இடறினான், தரையைக் குனிந்து பார்த்துப் பார்த்து அடி வைத்து உள்ளே வந்தான். அந்த நடை வேலுத்தாய்க்குத் தெரியும். அவள் நடந்த நடைதான் அது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவன் பாதத்தை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். வெடிப்பு போய், தழும்பு போய், ரோஸ் நிறம் படர ஆரம்பித்திருந்தது.

"எத்தனை நாளாடா தரை தெரியல?"

"பத்து நாளா இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?" என்றான். பிறகு பாதத்தை மெதுவாக இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "இன்னும் ஒரு மாசம்தான்க்கா. உனக்கு முழுசா வந்துரும். நீ கரடு ஏறலாம். நான் படுத்துக் கெடந்தே பழகினவன். எனக்கு ஒண்ணுமில்ல."

இரண்டு பேர் நடக்கிற அளவுக்கு அந்த நடை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு ஆள் நடைதான் வீட்டில் இருக்கிறது, அதுதான் இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டால் தன் கால் பழைய கால் ஆகிவிடும், பத்தொன்பது வருஷக் கால். அதற்கு அவள் மனசு ஏங்காமலில்லை. ஓடைத் தண்ணீர், கரட்டுக் காற்று எல்லாம் கண்முன்னால் வந்து போயின. தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். அவள் தபால்பை பிரிக்கிற கத்தியைக் கை எட்டி எடுத்து, அவன் கணுக்காலுக்கும் பட்டைக்கும் நடுவே நுழைத்து, ஒரே இழுப்பில் அறுத்தாள்.

"ஏங்க்கா..." என்று தங்கமாயன் தவித்துப்போய் அறுந்த பட்டையைப் பொறுக்கினான். "உனக்குப் பாதிதான வந்திருக்கு."

"உனக்குப் பாதி இருக்குல்ல. போதும்டா."

மறுநாள் இரண்டு பேரும் ஒரு பையோடு கிளம்பினார்கள். ஒருத்தி மத்தியானம் ஒரு மணிக்குள் முடித்த பாதை அது, இரண்டு பேருக்கு வாழைத்தோட்டம் தாண்டவே பதினொன்றாகிவிட்டது. இரண்டு பேருக்கும் கால் இழுத்தது. தபால் வரவில்லையே என்று யாரும் கேட்டு வரவில்லை. வேண்டியவர்கள் எதிரே நடந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் தங்கமாயன் சட்டென்று பாதையிலேயே உட்கார்ந்தான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான், கண்ணில் தண்ணீர் நின்றது.

வேலுத்தாய் அவன் முன்னால் குனிந்தாள்.

"வலிக்குதாடா?"

"ரொம்ப வலிக்குது."

"எங்க?"

"என் சொந்தக் காலுதான்க்கா" என்றான்.

வேலுத்தாய் பையை இறக்கி வைத்தாள். நடுப்பாதையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.